பெரட்டுக்குப் பிந்தியவள்

ஜன்னல் ஓரத்து இடத்தை எனக்கு யாரும் பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்கிய அன்று நான்தான் முதல் ஆளாகப் படியேறிப் போனேன். எனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தேன். அடுத்த முறையும் முதல் ஆள் நான்தான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். இப்படி வந்து வந்து பிடித்த இடம் அது. அந்த இடத்தில் வேறொருத்தி பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஈப்போவில் ஒரு பழைய கடைவரிசையின் மாடியில் எங்கள் வகுப்பு. கீழே மளிகைக் கடை. மிளகாயும் மல்லியும் அங்கேயே அரைப்பார்கள், அதனால் படியேறும்போதே எல்லோருக்கும் தும்மல் வரும். மேலே, பெரியவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருபவர் பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே. கேள்வி கேட்டால் நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்வேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த கொஞ்ச நாளில் தம்பி பிறந்துவிட்டான். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அப்போது நின்றதைத்தான் இப்போது தொடர்கிறேன். நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்காக என்னைப் பார்த்து “இந்த வயசுலயும் படிக்கிறாங்களே” என்று உச்சுக்கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சாப்பிடுகிறவளைப் பார்த்து இந்த வயதிலும் சாப்பிடுகிறாளே என்று யாரும் சொல்வதில்லை.

படிக்கிற பிள்ளைக்கு என்னென்ன சுகம் உண்டோ அத்தனையும் எனக்கும் இருந்தது. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படிப்பேன். பஸ் என்ன எனக்காக நிற்குமா? நான் பாதி எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கடை பின்னால் போய்விடும். மீதியைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்வேன். ஒரு துணிக்கடையின் பெயரை முடிக்க எனக்குப் பல பயணம் ஆனது. முடித்த அன்று, அந்தக் கடையையே நான் வாங்கிவிட்டது போல இருந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் லூமுட்காரி. லூமுட் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணம் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தவள். இங்கே ஒரு பெரிய பேரங்காடியில் துப்புரவு வேலை செய்கிறாள். மாற்று ஷிப்ட் கிடைக்கும் நாளில்தான் படிக்க வருவாள். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதும்போது என் தாளை எட்டிப் பார்ப்பாள். நானும் கையை வைத்து மறைப்பேன். மறைக்கிற மாதிரி மறைத்துவிட்டு, கொஞ்சம் விட்டும் வைப்பேன். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சாலையோர ஒட்டுக்கடையில் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடிப்போம். அவளுக்குச் சிவப்பு பீன்ஸ் பிடிக்கும். என் கிண்ணத்தில் உள்ளதையும் கரண்டியால் அள்ளிக்கொள்வாள். “எடுத்துக்கிட்டியா? இனிமே நான் எழுதுறத பாக்காதே” என்பேன். “அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம், கணக்க மாத்தாதீங்கலா” என்பாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை தெரியும். வெயில் காலத்தில் அது சாம்பல் பூசியது போல வெளுத்து நிற்கும். டீச்சர் பலகையில் எழுதி முடிக்கும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வேலையும் செய்யாமல், யாரும் கேட்காமல், ஒரு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தைப்பூசம் முடிந்தால் வெயில் ஏறும். சீனப் பெருநாள் வெடிச்சத்தம் ஓய்வதற்குள் ரப்பர் மரங்களின் இலை பழுக்கத் தொடங்கும். எங்கள் தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். நானும் அதில் ஒரு சின்ன வீட்டில்தான் இருக்கிறேன். ஓரமாக ஒரு துண்டு மட்டும் இன்னும் மரமாகவே நிற்கிறது. பால் வெட்ட ஆள் இல்லை. அதை ஒட்டித்தான் என் பஸ் நிற்கும் இடம்.

வகுப்பில் சேர்ந்த அந்த வருஷம்தான் நான் அந்த இலைகளைப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க அந்த மரங்களோடு இருந்தவள்தான். ஆனால் வெட்டுகிற காலத்தில் பட்டையைப் பார்த்தேன், கத்தி போட்ட கோட்டைப் பார்த்தேன், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தேன். உச்சியில் என்ன நிறம் என்று அண்ணாந்து பார்க்க யார் விட்டார்கள்? இலை கொட்டினால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். அந்தக் காலம் வந்தாலே லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். எங்களுக்கு இலை உதிர்வது என்றால் அதுதான்.

இப்போது பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தால், ஒரு காற்று வரும். செம்பு நிறத்திலும் மஞ்சளிலும் இலைகள் சுற்றிச் சுற்றி இறங்கும். என் தலையில் விழும், மடியில் விழும். எழுந்து போய் அதன்மேல் நடந்து பார்ப்பேன். அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். யாரும் பார்க்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நடப்பேன். எனக்கு வர வேண்டிய சந்தோஷம்தானே இது! இத்தனை காலம் யாரிடம் இருந்தது? அதை நினைத்தால் சந்தோஷத்துக்கு நடுவிலேயே கோபம் வரும்.

பக்கத்து வீட்டுத் தம்பி பழைய லாரி ஓட்டுநர். இப்போது சும்மாதான் இருக்கிறான், வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. நான் இலைமேல் நடப்பதை ஒருநாள் பார்த்துவிட்டான்.

“என்னக்கா, ஸ்கூலுக்கா? பஸ்ஸ பாத்து ஏறுங்கலா. தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸும் இந்தப் பக்கமாத்தான் போவுது.”

பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும்.

“போவட்டும் தம்பி. ஒனக்கு ஒரு சீட்டு வெச்சிருக்கச் சொல்லு” என்றேன்.

இலை நன்றாகக் கொட்டத் தொடங்கிய அந்தச் சமயம் பார்த்துத்தான் பஸ் நேரத்தை மாற்றினார்கள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? மாற்றியதை எங்கே சொன்னார்கள்? நான் வழக்கம்போல் போய் நின்றேன். பஸ் வருகிற வழியைக் காணோம். அது வந்து, நான் ஏறி, ஈப்போவில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து மளிகைக் கடைக்கு வந்தபோது, மேலே எல்லோரும் சேர்ந்து பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கிவிட்டது. டீச்சர் முதலில் பெயர் கூப்பிட்டு, அதற்குப் பிறகுதான் பாடம் எடுப்பார். படிக்கட்டின் அடியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு திரும்பிப் பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன்.

ஏன் திரும்பினாய் என்று கேட்கிறவர்கள் தோட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தில் விடிவதற்கு முன்னாலேயே ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். எங்களை மேய்க்கிற மண்டோர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பெயர் வரும்போது குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. கூப்பிட்டு முடித்த பிறகு வந்தால் வேலை இல்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல், வழியில் பாம்பு என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. சிலர் கெஞ்சுவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் அம்மா கெஞ்சியதில்லை. நானும் கெஞ்சியதில்லை. பிந்திவிட்டாயா, வாயை மூடிக்கொண்டு திரும்பு, நாளைக்கு முதல் ஆளாக வந்து நில். எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

அதனால் திரும்பினேன். அதற்கு முந்தி வேறு பஸ் கிடையாது. அடுத்த வகுப்புக்கும் பஸ் பிந்தியது, அடுத்ததற்கும் பிந்தியது. இதை நன்றாகக் கவனியுங்கள்: நான் ஒரு வகுப்புக்கும் வராமல் இருக்கவில்லை. எல்லா வகுப்புக்கும் வந்தேன். படிக்கட்டு வரை வந்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியிடமே போய், காரில் கொண்டுபோய் விடச் சொன்னேன். கேலி செய்கிற வாய்க்கு ஒரு வேலை கொடுப்போம் என்றுதான். விட்டான். மளிகைக் கடையில் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்கள். நான்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

என் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மகனோடு கமுந்திங்கிலிருந்து புதிதாகக் குடிவந்தவளாம். மகன் வேலைக்குப் போகிற வழியில் காலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவானாம். முதுகுக்கு ஒரு குட்டித் தலையணைகூட வைத்திருந்தாள். என் ஜன்னலைப் பாதி சாத்தியும் வைத்திருந்தாள்.

“இது என் எடம்” என்றேன்.

“அப்படியாக்கா? டீச்சர்தான் இங்க உக்காரச் சொன்னாங்க. இங்க இருந்தவங்க நின்னுட்டாங்களாம்.”

“யாரு நின்னது?”

“யாருன்னு தெரியலக்கா. வயசானவங்களாம். பாவம், முடியல போலன்னு சொன்னாங்க.”

“அந்தப் பாவம் நாந்தான்” என்றேன்.

அவள் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள், டீச்சரும் வந்துவிட்டார்.

“அட, வந்திட்டீங்களே! உங்களுக்கு உடம்புக்கு ஏலாதாக்கும் எண்டு நினைச்சன்.”

“ஒடம்புக்கு ஒன்னுமில்ல டீச்சர். நான் எல்லா வகுப்புக்கும் வந்தேன்.”

“வரேல்லையே அம்மா.”

“வந்தேன். கீழ வரைக்கும் வந்தேன். பிந்திருச்சி, அதான் திரும்பிட்டேன்.”

“அதுக்கேன் திரும்பினீங்கள்? பிந்தினால் என்ன, மேல வந்து இருக்கலாம்தானே?”

“பேரு கூப்பிட்டு முடிச்ச பெறகு எப்படி டீச்சர் உள்ள வாரது?”

அவர் சிரித்தார். “இதென்ன தோட்டமே?”

அவரோடு சேர்ந்து வகுப்பே சிரித்தது. லூமுட்காரியும் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அந்த வார்த்தையை இளக்காரமாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது சிரிப்புத்தான். தோட்டத்தில் ஒரு ஆள் சேர்ந்தாற்போல் பெரட்டுக்கு வரவில்லை என்றால், செத்தாளா இருக்கிறாளா என்று லயத்துக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். அந்தக் கல்நெஞ்சு மண்டோர்கூட அனுப்புவார். இங்கே என் கைப்பேசி எண் டீச்சரிடம் இருக்கிறது. ஒரு போன் போட்டு, ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வயதாகிவிட்டது, பாவம் என்று அவர்களாகவே முடித்துவிட்டார்கள். சின்ன வயதில் என்னைக் கேட்காமல் நிறுத்தினார்கள். இப்போதும் என்னைக் கேட்காமல்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

“பின்னால இடம் கிடக்கு, இருங்கோ” என்றார் டீச்சர்.

“வேணாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கடைக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் லூமுட்காரி இறங்கி வந்தாள். அவசரத்தில் நான் வாசலிலேயே விட்டுவிட்டு வந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சிலிப்பர்கூட போடாம போற அளவுக்குக் கோவமாக்கா?”

“நீ சிரிச்சதான?”

“சிரிச்சேன். சிரிப்பு வந்திருச்சி, என்னா செய்யச் சொல்றீங்க?” செருப்பை என் காலடியில் போட்டாள். “அக்கா, ஒங்க தோட்டத்துல ஒரே ஒரு படகுதான் போல. எங்க லூமுட்ல ஒன்ன விட்டா அடுத்தது வரும். பங்கோர் தீவுக்குப் போறப்ப எத்தன தடவ பேரி படக விட்டிருக்கேன் தெரியுமா? படகு ஜெட்டியில நின்னு கச்சான் கடல வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பேன். அப்ப எவனாச்சும் வந்து, நீ பிந்திட்டே, வீட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தா, அவனக் கடல்ல தள்ளிருப்பேன்.”

“நீ கடற்கரைக்காரி. ஒன் ரோசமெல்லாம் உப்புத் தண்ணியில கரைஞ்சி போயிருக்கும்.”

“கரைஞ்சாலும் நான் மேல படிக்கிறேன்லா. நீங்க ரோசத்த கட்டிப் புடிச்சிக்கிட்டு அரிசி மூட்டையில உக்காந்திருக்கீங்க.”

செருப்பைக் காலில் மாட்டினேன். வாயாடி. “போ, பாடம் போயிரும்” என்று விரட்டினேன்.

“நீங்க இல்லாம நான் யாரப் பாத்து எழுதுறது? அந்தத் தலகாணிக்காரி கைய எடுக்கவே மாட்டேங்குறா” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனாள்.

அடுத்த வகுப்பு வருவதற்குள் எங்கள் பக்கத்து மரங்கள் மொட்டையாகிவிட்டன. குச்சி குச்சியாக வானத்தில் நின்றன. யாரோ இலையைக் கூட்டித் தீ வைத்திருந்தார்கள். வீடு முழுக்கப் புகை வாடை. நான் ஜன்னலைச் சாத்தவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தால் அது மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தால் போகாது.

மூத்த பிள்ளைக்கு வாந்திபேதி வந்த ஒரு காலையில் நான் பெரட்டுக்குப் பிந்திப் போனது ஞாபகம் வந்தது. மண்டோர் விளக்கை என் முகத்தில் பிடித்தார். கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார், போ என்று. நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். நிமிர்ந்து போனதைத்தான் இத்தனை காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மரம் அங்கேயேதான் நின்றது. பாலும் அதிலேயேதான் இருந்தது. கொஞ்சம் பிந்தி வெட்டினால் மரம் வேண்டாம் என்றா சொல்லும்? வேண்டாம் என்றது விளக்கு வைத்திருந்தவர்தான். தோட்டமும் போய்விட்டது, விளக்கும் போய்விட்டது. அந்தச் சட்டத்தை மட்டும் ஈப்போ வரைக்கும் நான் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். யாருடைய சட்டத்தை யார் சுமப்பது! அன்றைக்கு அந்த ஆளிடம் வராத கோபமெல்லாம் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு வந்தது. இருமலும் சேர்ந்து வந்தது.

அதற்காக டீச்சர்மேல் இருந்த கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். அது தனி.

வகுப்பு நாளன்று தம்பியிடம் கார் கேட்கவில்லை. பஸ்ஸிலேயே போனேன். எதிர்பார்த்தபடியே பிந்தியது. மளிகைக் கடைக்கு வந்தபோது மேலே படிக்கிற சத்தம் கேட்டது. படிக்கட்டின் அடியில் நின்றேன். கால் தானாகத் திரும்பப் பார்த்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், காலுக்கு என்ன தெரியும்? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அரைபடுகிற மிளகாய் நெடியில் ஒரு தும்மல் தும்மினேன். மேலே படிக்கிற சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. நான் வந்திருப்பது தெரிந்துவிட்டது, இனி திரும்பினால் ஓடிப்போனது போலாகிவிடும் என்று ஏறினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. நேரே உள்ளே போனேன்.

“வாங்கோ” என்றார் டீச்சர். அவ்வளவுதான். பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். இத்தனை தூரம் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறேன், ஏன் லேட்டு என்று ஒரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடுவார்? நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

கமுந்திங்காரி தலையணையோடு எழுந்தாள். “அக்கா, நீங்க இங்க வாங்க. ஒங்க எடம்தான.”

லூமுட்காரி அவள் முழங்கையை இடித்து எழுப்பிவிட்டதை நான் பார்த்தேன்.

“உக்காருங்க” என்றேன். “இன்னிக்கு நீங்கதான் முதல்ல வந்தீங்க. அடுத்த வகுப்புக்கு யாரு முதல்ல வாராங்கன்னு பாப்போம்.”

அது மட்டும் என் சட்டம். யாரும் விளக்குப் பிடித்து எனக்குச் சொன்னதல்ல. முதலில் வந்தவளுக்கு ஜன்னல், பிந்தி வந்தவளுக்குப் பின் வரிசை. ஆனால் பின் வரிசை உண்டு. அதுதான் தோட்டத்தில் இல்லாமல் போனது.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து மலை தெரியாது. கமுந்திங்காரியின் கொண்டைதான் தெரிந்தது. புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது, எங்கே படிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டிருக்கலாம். ஏன் மெதுவாகக் கேட்க வேண்டும்? நான் எழுந்து நின்றேன்.

“எந்தப் பக்கம் டீச்சர்?” என்று கேட்டேன். கீழே மளிகைக் கடைக்கும் கேட்டிருக்கும்.